இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமா?

கேள்வி: கோத்தகிரியில் வீடு, ஊட்டியில் பள்ளிக்கூட வேலை. 2017 மாடல் ஆல்டோவில் தினமும் போய் வருகிறேன். வாரம் ஒரு முறை அம்மாவைப் பார்க்க மேட்டுப்பாளையம் இறங்குவேன். கொரோனாவுக்கு முன்பு மாதம் சுமார் 8,500 ரூபாயில் முடிந்த பெட்ரோல் செலவு இப்போது 12,500 ஆகிறது. மைலேஜும் பதினைந்தரையிலிருந்து 14க்கு வந்துவிட்டது. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விட்டால் பாதி பெட்ரோல் மிச்சம் என்கிறார் மாமனார். கூட வேலை பார்க்கும் சார் ஒருவர், விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போடுங்கள் என்கிறார். கீழே போகும்போது மேட்டுப்பாளையத்திலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன் டீச்சர். மாதம் சுமார் 1,700 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். பதினைந்தரை மைலேஜுக்கு 110 லிட்டர், 14 மைலேஜுக்கு 121 லிட்டர். அன்றைக்கு லிட்டர் 78 ரூபாய், இன்றைக்கு 103 என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகப் போகும் சுமார் 4,000 ரூபாயில் 2,750 விலை ஏறியதால் போவது. மீதி 1,150 ரூபாய், வண்டி கூடுதலாகக் குடிக்கும் 11 லிட்டருக்கு.

அந்த 2,750ஐ நீங்களோ நானோ ஒன்றும் செய்ய முடியாது. 2020 மே மாதம் பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி ஒரே நாளில் 10 ரூபாய் கூடியது. பிறகு 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் குறைத்தது, அதே வருடம் நவம்பரில் மத்திய அரசு 5, 2022 மே மாதம் 8. நடுவில் கச்சா எண்ணெய் ஏறியதில் இந்தக் குறைப்பெல்லாம் கரைந்துபோனது. விலையை அதோடு விட்டுவிட்டு, நம் கையில் இருக்கும் 11 லிட்டரைப் பார்ப்போம்.

மாமனாரிடமிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. என் அப்பாவும் அம்பாசிடரில் அப்படித்தான் இறங்குவார். நியூட்ரல்கூட இல்லை, சாவியையே அணைத்துவிடுவார். அது கார்புரேட்டர் காலம், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விட கம்ப்யூட்டர் இல்லாத ஒரு பழைய கருவி இருந்த காலம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் சுற்றுகிற வரைக்கும் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் அணைத்தால் மிச்சம் என்பது அன்றைக்குச் சரிதான்.

உங்கள் ஆல்டோ அப்படி இல்லை. அதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் இருக்கிறது, அதற்கு எப்போது பெட்ரோல் விடுவது என்று சொல்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. கியரில் இறங்கும்போது காலை ஆக்சிலேட்டரிலிருந்து முழுதாக எடுத்துவிட்டால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது என்று அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரிந்துவிடும். உடனே பெட்ரோலை நிறுத்திவிடும். குறைப்பதில்லை, நிறுத்தியே விடும். வேகம் நன்றாகக் குறைந்து ஆர்பிஎம், அதாவது இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று, 1,500க்குக் கீழே வரும்போதுதான் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க மறுபடி கொஞ்சம் விட ஆரம்பிக்கும்.

என் பட்டறைக்கு வருகிறவர்கள் இதை நம்புவதில்லை. அதனால் அந்தக் கம்ப்யூட்டர் சொல்வதைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மாட்டி ஒரு ரவுண்டு கூட்டிப்போவேன். அரவேணு தாண்டி குஞ்சப்பனை பக்கம் இறங்கும்போது இரண்டாவது கியர், ஆர்பிஎம் 2,500, கால் பிரேக் பக்கம். திரையில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று ஓடுகிற எண் 0.0 என்று நிற்கும். நேராக, வண்டி வராத ஓர் இடத்தில் ஒரே ஒரு நொடி நியூட்ரலுக்குத் தள்ளிக் காட்டுவேன். எண் 0.7க்குத் தாவும். இன்ஜின் தன்னைத்தானே ஓட வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அதற்கான பெட்ரோல் அது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இறங்க ஒரு மணி நேரம். முழுக்க நியூட்ரலில் போனால் முக்கால் லிட்டர் வரை எரியும். கியரில் போனால் சமமான இடங்களில் மிதிப்பதற்கு மட்டும்தான் செலவு. மிச்சம் பிடிக்க நினைத்து வாரம் ஐம்பது அறுபது ரூபாயைக் கீழே கொட்டுகிறோம்.

காசை விடுங்கள். நியூட்ரலில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். பிரேக் பேட் சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது, நம் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போய்விடுகிறது. குஞ்சப்பனைக்குப் பக்கத்தில் அப்படி நின்ற ஒரு வேனைப் போய்ப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, ஓட்டுநர் மேட்டுப்பக்கம் மண்ணில் ஏற்றி நிறுத்தியிருந்தார். ஆயில் டப்பாவைத் திறந்தால் டிகாஷன் நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன், மாற்ற வேண்டுமா என்று கேட்டார்! இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். அடுத்த முறை டாட் 4 போடலாமா என்று உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாவியை அணைப்பது இன்னும் மோசம். பிரேக்கை மெதுவாக மிதித்தாலே பிடிக்க வைக்கும் பூஸ்டருக்கு இன்ஜின்தான் உதவி. அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் அது தாங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்ன பேச்சு புது வண்டிக்கும் பொருந்தும், இப்போது பெட்ரோல் மிச்சமும் சேர்ந்து கிடைக்கிறது. மாமனாரிடம் பழைய கார்புரேட்டர் வண்டி இருந்து அதை ஓட்டினாலும் நியூட்ரல் வேண்டாம். பத்து ரூபாய் மிச்சத்துக்காக எடுக்கும் ஆபத்து இல்லை அது.

சரி, ஏற்றத்துக்கு வருவோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800. ஆள்களோடு சேர்த்து ஆயிரம் கிலோ வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஒன்றே முக்கால் லிட்டர் வேண்டும், தூரம் ஓடுவதற்கான பெட்ரோல் தனி. ஏறும்போது மைலேஜ் 9, 10 என்று வந்தால் வண்டியில் கோளாறு இல்லை. டிக்கியில் தேவையில்லாத 50 கிலோ இருந்தால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒன்பது ரூபாய் கூடுதல். பெரிய தொகை இல்லைதான், ஆனால் சும்மா எதற்கு?

ஏற்றத்தில் பலர் செய்யும் தப்பு, ஆர்பிஎம் குறைந்தால் பெட்ரோல் குறையும் என்று மூன்றாவது கியரிலேயே இழுப்பது. உங்கள் ஊர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் ஆறில் ஐந்து பங்குதான். தொட்டபெட்டா ஜங்ஷன் பக்கம் இன்னும் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினுக்கு இழுவையும் அதே அளவு குறையும். வண்டி திணறும்போது நாம் ஆக்சிலேட்டரைத் தரை வரை அமுக்குவோம், கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தாராளமாக விட்டுவிடும். இரண்டாவதுக்கு மாற்றி, முக்கால் பாகத்துக்குள் மிதித்து ஏறினால் குறைவாகவே செலவாகும். கட்டபெட்டு பக்கம் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். அங்கே தேய்வது பெட்ரோல் இல்லை, கிளட்ச் பிளேட்.

பிரீமியம் பெட்ரோலுக்கு ஒரே பதில்: வேண்டாம். அதில் கூடுதலாக இருப்பது முக்கியமாக ஆக்டேன், அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டாமல் இருக்கும் தன்மை. மேலே காற்று மெலிந்திருப்பதால் தட்டும் வாய்ப்பே இங்கே குறைவு. சென்னையில் ஓடும் ஆல்டோவுக்கே அது தேவையில்லை, கோத்தகிரியில் ஓடுவதற்கு எதற்கு?

மேட்டுப்பாளையத்தில் நிரப்புவது பற்றிக் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது, கணக்கு போட வைத்தது. லிட்டருக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 30 லிட்டர் போட்டால் 30 ரூபாய் லாபம். அந்தப் பெட்ரோலின் எடை 22 கிலோ சொச்சம், அதை மேலே தூக்க நான்கு ரூபாய். ஆக 26 ரூபாய் மிச்சம். எப்படியும் போகிறீர்கள், நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்காகவே இறங்கினால் நஷ்டம்.

காலையில் வண்டியை ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் வழக்கம் உண்டா? பனிக்காலத்தில் நம் ஊரில் பாதித் தெரு அப்படித்தான் உறுமிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் நின்றபடி ஓடினால் 120 மில்லிக்குக் குறையாது, குளிரில் இன்னும் கூடும். மாதத்துக்கு மூன்று லிட்டர், 300 ரூபாய். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் போதும், அப்புறம் முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். ஓடும்போதுதான் இன்ஜின் சீக்கிரம் சூடாகும். டயர் காற்றையும் அதிகாலையில், கோத்தகிரியிலேயே பாருங்கள். மத்தியான வெயிலில் மேட்டுப்பாளையத்தில் பார்த்த அளவு, மறுநாள் காலைக் குளிரில் அப்படியே இருக்காது.

இன்னொரு காரணம் உங்கள் கையில் இல்லாதது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். முன்பு அதிகபட்சமாக இருந்த 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டாலே மூன்றரை சதவீதம் மைலேஜ் போகும். உங்கள் 11 லிட்டரில் நான்கு லிட்டராவது இந்த வகையில் போவதுதான். 2017 வண்டி 20 சதவீதத்துக்காகச் செய்ததில்லை, அதனால் அடுத்த சர்வீஸில் பெட்ரோல் குழாயும் ரப்பர் வாஷர்களும் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் போனால் இந்த எல்லா வித்தையையும்விட அதிகம் மிஞ்சும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான கட்டணமில்லா பயணத்தை 2024இல் மலைப் பகுதிக்கும் கொண்டுவந்தார்கள். நேரம் ஒத்துவருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மாமனாரை நம்ப வைக்க நான் வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, போனிலேயே எண் தெரியும். அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் இறங்கும்போது அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் ரோட்டை மட்டும் பாருங்கள்.