எழுத்தாளர் இசபெல் அலெண்டே அதிபர் அலெண்டேவுக்கு என்ன உறவு?

வாசகர் கேள்வி: வாசிப்பு வட்டத்தில் இசபெல் அலெண்டேயின் முதல் நாவலைப் பற்றிப் பேசப்போகிறேன். சிலி அதிபர் சால்வடோர் அலெண்டேயின் மகள் என்று ஓரிடத்தில் இருக்கிறது, மருமகள் என்று இன்னோரிடத்தில். எதைச் சொல்வது? அவரை நாடு கடத்தினார்களா? நாவலில் வரும் அதிபர் சால்வடோர்தானா?

இரண்டுமே தப்பு. இசபெலின் அப்பா தோமாஸும் சால்வடோரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். நம் முறைப்படி பார்த்தால் சால்வடோர் அவருக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆவார், மாமா ஆக மாட்டார். மருமகள் என்று எழுதினால் அதிபரின் மகனைக் கட்டிக்கொண்டவர் என்றுதான் பாதிப்பேர் நினைப்பார்கள். ‘அதிபரின் ஒன்றுவிட்ட சகோதரர் மகள்’ என்று சொல்லிவிடுங்கள், நீளமாக இருந்தாலும் சண்டை வராது.

மகள் என்ற குழப்பத்துக்குக் காரணம் வேறு. சால்வடோரின் கடைசி மகள் பெயரும் இசபெல் அலெண்டேதான். 1945-இல் பிறந்த அவர் அரசியல்வாதி, 2014-இல் சிலி செனட்டின் தலைவரான முதல் பெண். நாவலாசிரியர் 1942-இல் பெருவின் லிமா நகரில் பிறந்தவர். படம் போட்டுப் பேசுவதாக இருந்தால் யார் படம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உறவு எவ்வளவு நெருக்கம்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரத்த உறவு வந்த வழியே அறுந்துபோன வழி. இசபெல் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார், அம்மா பிள்ளைகளோடு சாந்தியாகோவில் தன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பல வருடம் கழித்துப் பிணவறையில் ஓர் உடலை அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது அது தன் அப்பாதான் என்றே இசபெலுக்குத் தெரியவில்லை. அப்பா வழிச் சொந்தத்தில் இவர்களோடு தொடர்பு விடாமல் இருந்தவர் சால்வடோர். அப்புறம் அம்மாவின் இரண்டாவது துணையான ரமோன் உய்தோப்ரோ ராஜதந்திரி, சால்வடோரின் நண்பர், அவர் ஆட்சியில் அர்ஜென்டினாவுக்கான தூதர். ஆக, குடும்பப் பெயர் வந்தது அப்பாவிடமிருந்து, நெருக்கத்தில் பெரும்பங்கு வந்தது வளர்ப்பு அப்பாவால் என்பதுதான் என் கணிப்பு.

நாடு கடத்தல் என்று சொல்லாதீர்கள். சால்வடோரின் ஆட்சியைக் கவிழ்த்த 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சிக்குப் பிறகும் இசபெல் ஒரு வருடத்துக்கு மேல் சிலியிலேயே இருந்தார், தேடப்பட்டவர்களை ஒளித்துவைக்கவும் தூதரகங்களுக்குள் சேர்க்கவும் உதவினார். மிரட்டல் முற்றிய பிறகு 1975-இல் வெனிசுவேலாவின் கராகஸுக்குப் போனார், கணவரும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அங்கே 13 வருடம். யாரும் உத்தரவு போட்டு வெளியேற்றவில்லை, ஆனால் திரும்பி வரவும் வழியில்லை. சால்வடோரின் சொந்தக் குடும்பத்தின் கதை தனி, இரண்டையும் கலக்காதீர்கள்: மனைவி ஒர்த்தென்சியா மெக்சிகோவில் இருந்தார், கியூபாவில் இருந்த மகள் பெயாத்ரிஸ் 1977-இல் தற்கொலை செய்துகொண்டார். சால்வடோர் எவ்வளவு பெரிய வரலாற்று மனிதர் என்பதே சிலியை விட்டு வெளியே போய், பெயரைச் சொன்னதும் எல்லோரும் ‘அவருக்குச் சொந்தமா?’ என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் தனக்கு உறைத்தது என்ற பொருளில் இசபெல் பேட்டிகளில் பேசியிருக்கிறார்.

இப்போது நாவல். ஆவிகளின் வீடு என்று பொருள்படும் அந்த முதல் நாவல் 1981 ஜனவரி 8 அன்று ஒரு கடிதமாகத் தொடங்கியது, 1982-இல் ஸ்பெயினில் வெளிவந்தது. கடிதம் யாருக்கு என்று கவனியுங்கள்: சிலியில் சாகக் கிடந்த, போய்ப் பார்க்க முடியாத அம்மா வழித் தாத்தாவுக்கு. அதனால்தான் கதையின் நடுவில் நிற்பவர் அதிபர் இல்லை, பழமைவாதப் பண்ணையாரும் செனட்டருமான எஸ்தேபான் த்ருவேபா. சோஷலிச அதிபரின் சொந்தக்காரர், அந்த அதிபரை வெறுத்து ராணுவப் புரட்சியை வரவேற்கிற ஒரு கிழவரின் வீட்டுக்குள்ளிருந்து கதை சொல்கிறார். உங்கள் பேச்சில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், அதிபர் யார் என்ற புதிர் அல்ல. அதிபருக்கு நாவலில் பெயரே கிடையாது, முதலில் வேட்பாளர், பிறகு அதிபர், அவ்வளவுதான். நாட்டுக்கும் பெயர் இல்லை. சால்வடோரைத்தான் குறிக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் அவர் பேசியதாக வரும் வரிகளை ஆவணம் மாதிரி மேற்கோள் காட்டாதீர்கள். சொந்தப் பெயரோடு அவர் கதாபாத்திரமாக வருவது 2019-இல் வெளிவந்த, ஸ்பெயின் அகதிகளைப் பற்றிய நாவலில். அதில் நாயகனோடு சதுரங்கம் ஆடுகிறார்.

சால்வடோர் இறந்தது அந்த ராணுவப் புரட்சி நாளில்தான், அதனால் கேள்வி நேரத்தில் ‘அவரைச் சுட்டுக் கொன்றார்களா?’ என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். பல வருடம் அப்படித்தான் பலரும் நம்பினார்கள். 2011-இல் உடலைத் தோண்டியெடுத்து நடத்திய தடயவியல் ஆய்வு தற்கொலை என்று உறுதிசெய்தது, குடும்பமும் அதை ஏற்றுக்கொண்டது.