இரட்டைக் குதிரையில் யார் சவாரி?

கேள்வி: டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் அக்கா மகன், பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதுபவன். கணக்கிலும் வகுப்பில் முதல் ஆள். கணித ஆராய்ச்சிதான் லட்சியம் என்கிறான். இரட்டைக் குதிரையில் சவாரி செய்யாதே என்று எழுதினேன். பதில் இல்லை. நான் சொன்னது சரிதானே?
- ஒரு தாய்மாமன்

பதில்: முதலில் அந்தக் குதிரைகளைப் பார்ப்போம். இரட்டைக் குதிரைச் சவாரி ஆகாது என்பவர்கள் யாரும் சர்க்கஸ் பக்கம் போனதில்லை போலிருக்கிறது. அங்கே ஒரு பெண் குதிரைக்கு ஒரு காலாக வைத்து நின்றபடி வளையத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். விழமாட்டாள். விழுவதெல்லாம் தரையில் நடந்து வரும் கோமாளிதான்.

பழமொழிகளோடு எனக்குள்ள தகராறு இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். 'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள். சரி என்று நிதானமாக இருந்தால், 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று அதே வாய் சொல்லும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தோற்காத வக்கீல்! பழமொழி விளக்கம் எழுதியே காலம் தள்ளும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லப்போய், அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேசாமலிருப்பதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார்.

ஆட்டமும் படிப்பும் ஒத்துப்போகுமா என்பது எப்போதோ தீர்ந்துபோன விவகாரம். பைரன் ஒயிட் 1938-இல் தொழில்முறை லீக்கில் பந்தோடு அதிகத் தூரம் ஓடியவர். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. ஆலன் பேஜ் மினசோட்டா அணிக்கு ஆடிய காலத்திலேயே சட்டம் படித்து, பின்னாளில் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். டெக்சாஸிலோ 1984-லிருந்து சட்டமே இருக்கிறது: ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனாலும் பையனை ஆட்டத்தில் இறக்கக் கூடாது. பயிற்சியாளர்கள் கொதித்தார்கள். அதைக் கொண்டுவந்த ஆளுநர் மார்க் ஒயிட் 1986 தேர்தலில் தோற்றதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. கணக்கில் 69 வாங்கிய பையனை வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வைப்பது அங்கே சாதாரணக் குற்றமல்ல.

உங்கள் உவமையில் எனக்குப் பிடிக்காதது வேறு. சவாரி செய்வது பையன் என்று நீங்களாக முடிவுகட்டிவிட்டீர்கள். கல்லூரிக் கால்பந்தில் பல சமயம் அவன்தான் குதிரை. 1955-இல் கொலராடோவில் ஒரு கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவருக்கான இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். அது வேலையே அல்ல என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 'மாணவ வீரர்' என்ற கௌரவப் பட்டம் புழக்கத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். இப்படிப்பட்ட வழக்குகளைத் தவிர்க்கத்தான் அதைக் கொண்டுவந்தோம் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் நிர்வாக இயக்குநராக நெடுங்காலம் இருந்த வால்டர் பையர்ஸே பிற்பாடு எழுதிவிட்டார்.

உங்கள் மருமகனுக்குச் சொல்ல வேண்டிய பெயர் ஜான் உர்ஷெல். அவரும் லைன்மேன், அவரும் கணக்குப் பைத்தியம். பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு ஆடிக்கொண்டே 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பில் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பயிற்சியில் தலையில் அடி. சில வாரங்களில் களத்துக்குத் திரும்பிவிட்டார். உயர்கணிதம் போடும் தெளிவு திரும்ப அதைவிட நாளானது. 2017-இல், தானமாக வந்த 111 முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் மூளைகளில் 110-இல் அடியால் வரும் சிதைவு இருந்ததாக ஓர் ஆய்வு வெளியானது. அடுத்த சில நாட்களில், 26 வயதில், ஆட்டத்தை விட்டார். இப்போது எம்.ஐ.டி.யிலேயே கணிதப் பேராசிரியர். ஆட்டம் நேரத்தை மட்டும்தான் தின்னும் என்று நினைக்கிற மாமன்கள் கவனிக்க.

கல்லூரி தேடும்போது பணம் எதற்காகத் தருகிறார்கள் என்று பாருங்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானம் பார்த்துத்தான் பணம். ஒரு நாள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தாலும் அந்தப் பணம் நிற்காது. எம்.ஐ.டி.க்கும் கால்பந்து அணி உண்டு. அது ஆடும், கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவிலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. மற்ற இடங்களிலிருந்து ஆள் பிடிக்கப் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தால், பயிற்சி நேரத்தில் கணித வகுப்பு வந்தால் எதற்கு விடுப்பு தருவீர்கள் என்று பையன் கேட்கட்டும். சிரித்துத் தட்டிக்கொடுத்தால் போதாது, எழுதி வாங்கச் சொல்லுங்கள்.