பிரிட்டன் மாணவர் விசாவில் வேலை: கேள்வி பதில்

கேள்வி: நான் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவன். சென்ற வாரம் கடையில் ஆள் குறைவு என்று 26 மணி நேரம் வேலை செய்தேன். இந்த வாரம் 14 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. பாடப் பருவத்தில் எந்த ஒரு வாரத்திலும் 20 மணி நேரமே உச்சவரம்பு. சராசரி பார்க்கும் வழக்கம் இல்லை. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு இடங்களில் வேலை பார்த்தாலும், சம்பளம் வாங்காமல் உழைத்தாலும், அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். தாமதிக்காமல் உங்கள் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரைச் சந்தித்து நடந்ததைச் சொல்லுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. படிக்கிறேன். ஜூன் முதல் வகுப்புகள் இல்லை. அப்போது முழு நேரம் வேலை செய்யலாமா?

பதில்: மிகப் பலர் இடறுவது இங்கேதான். இளநிலை மாணவர்களுக்குக் கோடை உண்மையான விடுமுறை. முழு நேர வேலைக்கு அவர்களுக்குத் தடையில்லை. ஓராண்டு முதுகலைப் படிப்பிலோ அந்த மாதங்கள் ஆய்வேடு எழுதுவதற்கென ஒதுக்கப்பட்டவை என்பதால், ஒரு வகுப்புகூட நடக்காவிட்டாலும் அவை பாடப் பருவமாகவே கருதப்படும். 20 மணி நேர வரம்பும் அப்படியே தொடரும். ஆய்வேட்டை முன்கூட்டியே சமர்ப்பித்தாலும், பல்கலைக்கழகம் அறிவித்துள்ள படிப்பு முடிவுத் தேதி வரை பொறுத்திருங்கள். "உனக்கு இப்போது லீவுதானே" என்று மேலாளர் சொல்வதை நம்பாதீர்கள். பருவத் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்துப்பூர்வமாகப் பெற்று அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: நண்பரின் கணக்கில் உணவு டெலிவரி செய்யலாமா?

பதில்: வேண்டாம். டெலிவரி ஓட்டுநர்கள் பெரும்பாலும் ஊழியர்களாக அல்லாமல் சுயதொழில் செய்பவர்களாகவே பதிவு செய்யப்படுகிறார்கள்; மாணவர் விசாவில் சுயதொழில் ஒரு மணி நேரம்கூட அனுமதிக்கப்படுவதில்லை. பிறர் கணக்கில் ஓட்டும்போது ஆள்மாறாட்டமும் சேர்ந்துகொள்கிறது. பிடிபட்டால் விசா ரத்தாகலாம். பிற்கால விண்ணப்பங்களும் பாதிக்கப்படலாம். சில நூறு பவுண்டுகளுக்காக ஒரு பட்டத்தையே பணயம் வைப்பதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

கேள்வி: சென்னை நிறுவனத்துக்கு லண்டனிலிருந்து கணினி வழியே வேலை செய்தால்?

பதில்: பிரிட்டனில் இருந்தபடி செய்யும் வேலை என்பதால் அதுவும் 20 மணி நேரக் கணக்கில் சேரும்.

கேள்வி: பகுதி நேர வேலையிலேயே மகள் மீதிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். உண்மையா ஐயா?

பதில்: நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 வயது நிறைந்தவர்களுக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு, 20 மணி நேரத்துக்கு 244 பவுண்டு. அதுவும் வாரம் தவறாமல் வேலை கிடைத்தால்தான். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக, ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டணத்துக்கு என்ன மிஞ்சும்? இனிமேல் சம்பாதிக்கப்போகும் பணத்தை விசா விண்ணப்பத்தில் காட்டவும் முடியாது. முதல் ஆண்டுக் கட்டணத்தில் பாக்கியுள்ள தொகையும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையும், சொந்தச் சேமிப்பாகக் காட்டுவதானால், தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருந்தாக வேண்டும். கல்விக் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.