ஏரிக்கரை இருளர் குடும்பங்களுக்கு வீடும் முதியோர் உதவித்தொகையும்: எதில் தொடங்குவது?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் பள்ளிக்கு அருகே, ஏரிக்கரையில் சில இருளர் குடும்பங்கள் குடிசைகளில் வாழ்கின்றன. எழுபதை நெருங்கும் ஒரு மூதாட்டி மகள் குடும்பத்தோடு இருக்கிறார். அவர்களிடம் ஆதாரும் குடும்ப அட்டையும் உண்டு. சாதிச் சான்றும் பட்டாவும் இல்லை. அரசு வீட்டுக்கும் உதவித்தொகைக்கும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – ஓர் ஆசிரியர்

பதில்: வீட்டுக்கான மனுவில் தொடங்க வேண்டாம். இருளர், தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய நிலையிலுள்ளவையாக வகைப்படுத்தப்பட்ட ஆறு பழங்குடிகளில் ஒன்று. அத்தகைய பழங்குடிகளுக்காகவே 2023 நவம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன்மன் திட்டத்தில், வீடு ஒன்றுக்கு 2 லட்சம் ரூபாயும் கழிப்பறைக்குத் தனியே 12,000 ரூபாயும் வகுக்கப்பட்டன. எந்தத் திட்டத்தில் நிதி வந்தாலும், பட்டா மனையும் பழங்குடிச் சான்றும் இல்லாத குடும்பத்தின் பெயர் பட்டியலோடு நின்றுவிடும் என்பதால், அவை இரண்டையும் முதலில் பெறுங்கள்.

ஏரிக்கரை நீர்நிலைப் புறம்போக்காக இருக்குமானால் அங்கே பட்டா கிடைக்காது. எனவே "குடியிருக்கும் இடத்துக்கே பட்டா வேண்டும்" என்று எழுதி ஆண்டுகளை இழக்காமல், குடும்பங்கள் அனைத்துக்கும் ஒரே இடத்தில் மாற்று மனை கோரி வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, அதன் நகலை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்து ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். "ஒரே இடத்தில்" என்ற கோரிக்கையை வலியுறுத்துங்கள். சமைத்துக் கொடுக்கவும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் உறவினர் பக்கத்திலேயே இருப்பதுதான் அந்த மூதாட்டிக்கு உண்மையான பாதுகாப்பு. தொலைவில் தனித்துக் கிடக்கும் கான்கிரீட் வீடு அதற்கு ஈடாகாது.

பழங்குடியினர் சாதிச் சான்றை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர். வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பிறகே அது அவரிடம் செல்லும். பெற்றோரின் சான்று இல்லாத இடத்தில், தந்தைவழியில் யாரேனும் ஏற்கெனவே பெற்ற சான்று வலுவான ஆதாரமாகும். அடுத்த ஊரிலோ வேறு மாவட்டத்திலோ இருக்கும் பங்காளிகளை மூத்தவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, நீங்களே ஒரு தாளில் கொடிவழியை எழுதி, சான்றின் நகலுடன் இணைத்துக் கொடுங்கள். இந்த வேலையை ஓர் ஆசிரியரைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் ஊரில் இல்லை என்றே நினைக்கிறேன்.

செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் குடும்பத்தோடு வெளியூர் போய்விடும் மாதங்களில் கணக்கெடுப்போ விசாரணையோ நடந்தால், "வீடு பூட்டியிருந்தது" என்ற ஒரு வரியோடு அந்தக் குடும்பம் விடுபட்டுவிடும். எனவே விசாரணை நாளை முன்கூட்டியே கேட்டறிந்து அவர்களை வரவழையுங்கள். கிராம சபையில் குடும்பங்களின் பெயர்களோடு தீர்மானம் நிறைவேற்றச் செய்வதும் துணைநிற்கும்.

உதவித்தொகை இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அறுபது வயது நிறைந்த ஆதரவற்ற முதியோருக்கான இத்தொகை, 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அதைப் பரிசீலிப்பார். விண்ணப்பிக்கும் முன் ஆதாரில் உள்ள பிறந்த ஆண்டைப் பாருங்கள். பதிவு செய்தவர் குத்துமதிப்பாகப் போட்ட ஆண்டினால் வயது அறுபதுக்குக் கீழே காட்டப்படுவது இம்மக்களிடையே அடிக்கடி நேர்கிறது. அவ்வாறிருந்தால் முதலில் ஆதாரைத் திருத்தக் கோருங்கள். வங்கிக் கணக்கு மூதாட்டியின் பெயரிலேயே இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தை முதலாளியோ இடைத்தரகரோ வாங்கி வைத்திருந்தால், அதை மீட்ட பிறகே விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள்.