அப்பாவின் முகம் சூடாவதற்கு மீன் காரணமில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 56 வயது. தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறார். இரண்டு வருடமாகத் திடீர் திடீரென்று முகமும் கழுத்தும் சூடாகிக் கருஞ்சிவப்பாக மாறும், ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை தண்ணீராக வயிறு போகிறது. நடுச்சாமத்திலும் எழுந்து ஓடுகிறார். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு டாக்டர் மருந்து கொடுத்தார், குடல் எரிச்சல் நோய் என்று இன்னொருவர் கொடுத்தார். தடைக்காலம் முழுக்க மீனே தொடவில்லை, அப்போதும் நிற்கவில்லை. எடை குறைகிறதே என்று ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் நாலைந்து கட்டிகள். மதுரையில் பயாப்ஸி எடுத்து 'நியூரோ எண்டோகிரைன் கட்டி, கிரேடு 1' என்றும், கார்சினாய்டு சிண்ட்ரோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மாதம் ஒரு ஊசி போட வேண்டுமாம். சொந்தக்காரர்களோ, கல்லீரல் புற்றுநோய் என்றால் மூன்று மாதம்தான், நாட்டு மருந்து கொடுத்து வீட்டில் வைத்துக்கொள் என்கிறார்கள். என்ன செய்வது? அப்பா என்ன சாப்பிடலாம்? எனக்கும் தம்பிக்கும் இது வருமா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முதலில் சொந்தக்காரர்கள் சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மனதில் இருப்பது கல்லீரலிலேயே பிறந்து வேகமாக வளரும் புற்றுநோய். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது அது இல்லை. குடலிலோ நுரையீரலிலோ கணையத்திலோ உள்ள, ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்கும் கட்டி இது. இவருடைய அறிகுறிகளைப் பார்த்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியிருக்க வாய்ப்பு அதிகம். இதுவும் புற்றுநோய் வகைதான், பரவியும் இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். ஆனால் கிரேடு 1 என்றால் செல்கள் பெருகும் வேகம் மிகக் குறைவு. பயாப்ஸி ரிப்போர்ட்டில், அந்த வேகத்தைக் காட்டும் 'கே.ஐ-67' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அது 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. கல்லீரலுக்குப் பரவிய பிறகும் ஐந்து வருடம், பத்து வருடம் தாண்டி வேலைவெட்டி பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் இந்த நோயில் நிறையப் பேர். எல்லோருக்கும் அப்படித்தான் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் 'மூன்று மாதம்' என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

இந்தக் கட்டியைப் பற்றிய குழப்பம் பழையது. 1907-இல் மியூனிக் நகர மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டோர்ஃபர் இதை விவரித்தபோது தீங்கில்லாதது என்றே நினைத்தார். 1929-இல் அவரே, இது பரவவும் கூடும் என்று திருத்தி எழுதினார். இன்றைக்கும் அப்பெண்டிக்ஸில் தற்செயலாக அகப்படும் 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டி, அப்பெண்டிக்ஸை எடுத்ததோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அப்பாவுடையது அந்த ரகம் இல்லை, அதனால் சிகிச்சை கட்டாயம் வேண்டும்.

சரி, முகம் ஏன் சூடாகிறது? இந்தக் கட்டிகள் செரட்டோனின் என்ற ஹார்மோனையும் கூடவே வேறு சில சுரப்புகளையும் அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். கல்லீரல் அந்தச் சுரப்புகளை உடைத்துச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால் கட்டி குடலில் மட்டும் இருக்கும்வரை பல வருடங்கள் ஒன்றுமே தெரியாது. கல்லீரலுக்குள்ளேயே கட்டி வந்த பிறகு, அங்கே சுரப்பது உடைபடாமல் நேராக இதயத்துக்கும் உடம்பு முழுக்கவும் போய்விடுகிறது. அப்போதுதான் முகச்சூடு, வயிற்றுப்போக்கு, சிலருக்கு வீசிங் எல்லாம் தலைகாட்டும். இவை சேர்ந்து வருவதைத்தான் கார்சினாய்டு சிண்ட்ரோம் என்கிறார்கள்.

மீன்மேல் பழி விழுந்ததில் ஆச்சரியமில்லை. நம் கரையில் சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களை ஐஸ் போடாமல் வெயிலில் வைத்துவிட்டால் அதில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதைச் சாப்பிட்டாலும் முகம் சூடாகி, படபடத்து, வயிறு போகும். ஆனால் அது சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும், ஒரே சட்டியில் சாப்பிட்ட பலருக்கும் வரும், பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். உங்கள் அப்பாவுக்கு மட்டும், இரண்டு வருடமாக, மீன் தொடாத தடைக்காலத்திலும் வந்திருக்கிறது. இன்னொன்று, குடல் எரிச்சல் நோய் பொதுவாக ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பாது. நடுச்சாமத்தில் எழுப்புகிற வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால், அந்தப் பெயரை ஒட்டிவிட்டு நிறுத்தக் கூடாது. வெயிலில் கறுத்த முகத்தில் சிவப்பு சட்டென்று தெரியாததும் இந்த நோய் தாமதமாகப் பிடிபட ஒரு காரணம். வியர்வை இல்லாமல் முகம் திகுதிகுவென்று சுடுகிறது என்று நோயாளி சொல்வதை அப்படியே காதில் வாங்க வேண்டும்.

இனி என்ன பரிசோதனை? 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து 5-எச்.ஐ.ஏ.ஏ. அளவு பார்ப்பார்கள். செரட்டோனின் உடைந்து வெளியேறும் பொருள் அது. அதற்கு மூன்று நாள் முன்பிருந்து வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்திரிக்காய், வால்நட் வேண்டாம். மீன் குழம்பில் தக்காளி போடாமல் புளி மட்டும் கரைத்து வையுங்கள். பாராசிட்டமால், இருமல் டானிக், மன அழுத்த மாத்திரை ஏதாவது எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பா காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறவரா? பேன்டோபிரசோல் வகை மாத்திரைகள், இந்தக் கட்டிக்காகப் பார்க்கும் குரோமோகிரானின் என்ற ரத்தப் பரிசோதனையின் அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். டாக்டரைக் கேட்டு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். குடலில் முதலில் தோன்றிய கட்டி (மூலக்கட்டி) கடுகளவில் இருந்து சாதாரண ஸ்கேனில் தப்பிவிடலாம். அதைத் தேட கேலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன் இருக்கிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எக்கோ, அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன் பரிசோதனை. உங்கள் கடிதத்தில் இதயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கல்லீரலிலிருந்து வரும் செரட்டோனின் முதலில் இதயத்தின் வலது பக்கத்தில்தான் போய் விழுகிறது. அங்குள்ள இரண்டு வால்வுகளும் மெல்ல மெல்லத் தடித்து, மூட முடியாமல் போகலாம். நுரையீரல் செரட்டோனினை உடைத்துவிடுவதால் இடது பக்கம் பெரும்பாலும் தப்பிக்கும். அப்பாவுக்குக் கணுக்கால் வீங்குகிறதா, கருவாட்டுக் கூடையைத் தூக்கும்போது முன்பைவிட மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் எக்கோ எடுத்துவிடுங்கள், இடைவெளி விட்டுத் திரும்பவும் எடுங்கள். கட்டியைவிட இதயமே முந்திக்கொண்டு ஆளைப் படுக்க வைத்துவிடலாம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மாத ஊசி என்று அவர்கள் சொன்னது ஆக்ட்ரியோடைடு அல்லது லான்ரியோடைடாக இருக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். சுரப்பை அடக்கும், கட்டி வளர்வதையும் தாமதப்படுத்தும். வயிறு கட்டுப்பட்டு, இரவில் முழுத்தூக்கம் தூங்கினாலே பாதி மனிதர் திரும்பிவிடுவார். மருந்தை மதுரையில் வாங்கி வருவதானால் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பெட்டியில் ஐஸ் வைப்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மருந்து ஐஸ்மேல் நேராகப் படக் கூடாது, உறைந்துவிட்டால் கெட்டுவிடும். இந்த ஊசியால் பித்தப்பைக் கல் வரலாம், சர்க்கரை அளவு மாறலாம், எண்ணெய் மிதக்கிற மாதிரி மலம் போகலாம். எண்ணெய்ப்பசை தெரிந்தால் கணைய நொதி மாத்திரை கேளுங்கள். ஊசி வேலை செய்யவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அதற்கு மேலும் வழிகள் உண்டு. மூலக்கட்டியை அறுவை சிகிச்சையில் எடுப்பது, கல்லீரல் கட்டிகளை எடுப்பது அல்லது அவற்றுக்குப் போகும் ரத்தத்தை அடைப்பது, லுட்டீசியம்-177 சிகிச்சை ஆகியவை. கடைசியாகச் சொன்னது, கதிரியக்க மருந்தை ரத்தத்தில் ஏற்றிக் கட்டியிலேயே போய் ஒட்டவைப்பது. வழக்கமாக எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை. எது, எப்போது என்பதைக் குடல் மருத்துவர், அறுவை நிபுணர், அணு மருத்துவர் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். செலவு பெரியதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையோடு கொண்டுபோய், எந்தெந்தச் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேளுங்கள்.

மயக்க மருந்து விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அறுவை சிகிச்சையிலோ, சில நேரம் பயாப்ஸியிலோகூட, கட்டி மொத்தமாகச் சுரப்பைக் கொட்டி ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்துவிடலாம். முன்கூட்டியே தெரிந்தால் ஆக்ட்ரியோடைடு கொடுத்துத் தயாராக இருப்பார்கள். வழக்கமான அட்ரினலின் ஊசியே சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். பல் பிடுங்கப் போனாலும் மரப்பு ஊசிக்கு முன் சொல்லியாக வேண்டும். நோயின் பெயர், ஊசியின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள்.

சாப்பாடு: நல்ல மீன் தாராளமாகச் சாப்பிடலாம், புரதம் அவருக்கு அவசியம். சாராயம், கள், பீர் எதுவும் கூடாது. முகச்சூட்டை உடனே கிளப்பிவிடும். வயிறு முட்டச் சாப்பிடுவதும் அதிகக் காரமும் அப்படியே. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை கொடுங்கள். கருவாடு சிலருக்குத் தூண்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். உணவுப் புரதத்தில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற பொருளில் சாதாரணமாக 1 சதவீதம்தான் செரட்டோனினாக மாறும். இந்நோயில் 60 சதவீதம் வரை அதற்கே போய்விட, நியாசின் என்ற பி3 வைட்டமின் தயாரிக்க மிச்சம் இருக்காது. கழுத்திலும் புறங்கையிலும் வெயில் படும் இடத்தில் தோல் கறுத்து உரிந்தால் அந்தக் குறைதான். நிகோடினமைடு மாத்திரையாகக் கேளுங்கள். பி3-இன் இன்னொரு வடிவமான நிகோடினிக் அமிலம் வேண்டாம், அது தானே முகத்தைச் சூடாக்கும்.

நாட்டு மருந்தைப் பற்றி: கட்டி குடியேறிய கல்லீரலுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத லேகியத்தைக் கொடுத்து இன்னொரு சுமை ஏற்றாதீர்கள்.

உங்களுக்கும் தம்பிக்கும் வருமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இது குடும்பத்தில் தொடர்வதில்லை, இப்போது உங்கள் இருவருக்கும் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ரத்த உறவில் வேறு யாருக்காவது இதே நோயோ, கணையம், பிட்யூட்டரி, பாராதைராய்டு சுரப்பிகளில் கட்டியோ இருந்திருந்தால் மட்டும் அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள்.