செக்கு அக்காவிடம் கேளுங்கள்: சிறுதொழில், சேமிப்பு, சீட்டு

காங்கயம் பக்கம் 22 ஆண்டுகளாக மரச்செக்கு நடத்துகிறேன். தேங்காய் எண்ணெய்தான் பெரும்பங்கு. கடலையும் எள்ளும் அடுத்து. இரண்டு செக்கு, நான்கு ஆட்கள். தொழில் தொடங்க நினைப்பவர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாராபுரத்திலிருந்து: அக்கா, கையில் எட்டு லட்சம் இருக்கிறது. இரண்டு செக்கு, கொட்டகை, பாட்டில் நிரப்பும் இயந்திரம் எல்லாம் சேர்த்து ஏழரை லட்சம் ஆகும் என்கிறார்கள். தொடங்கலாமா?

இந்தக் கணக்கோடு தொடங்காதீர்கள் தம்பி. மிச்சம் ஐம்பதாயிரத்தில் கொப்பரை எப்படி வாங்குவீர்கள்?

ஒரு நாளைக்கு நூறு கிலோ கொப்பரை ஆட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 200 ரூபாய் என்றால் நாளுக்கு இருபதாயிரம். ஆட்டிய எண்ணெய் தெளிய நாலைந்து நாள் வேண்டும். பாட்டிலில் அடைத்துக் கடைக்குப் போய், கடைக்காரர் ஒரு மாதக் கடன் சொல்லி, பணம் திரும்பி வர நாற்பது நாள் ஆகும். அதுவரை நாள்தோறும் கொப்பரை வாங்கியாக வேண்டும். நாற்பது நாளுக்கு எட்டு லட்சம்! புண்ணாக்கு கைக்காசுக்கு விற்கும், அது கூலிக்கும் மின்கட்டணத்துக்கும் சரியாகிவிடும்.

2024 தொடக்கத்தில் கொப்பரை கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே இருந்தது. 2025 நடுவில் இருநூறைத் தாண்டியது. அதே செக்கு, அதே ஆட்கள், ஆனால் சுழலும் பணம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டியிருந்தது. எங்கள் பகுதியில் அப்போது நின்றுபோன செக்குகளில் பல, வாடிக்கையாளர் இல்லாமல் நிற்கவில்லை. கொப்பரை வாங்கப் பணம் இல்லாமல் நின்றன. பாதிப் பணத்துக்கு மேல் இரும்பிலும் மரத்திலும் போடாதீர்கள். ஒரு செக்கு போதும். பாட்டிலைக் கையால் நிரப்புங்கள். நான் ஆறு ஆண்டு அப்படித்தான் நிரப்பினேன்.

கொப்பரை வாங்கப் பழகுவதும் ஒரு முதலீடு. மூட்டையின் மேல்வாயில் இருப்பதைப் பார்த்து விலை பேசாதீர்கள். அடியில் கைவிட்டு ஒரு கீற்றை எடுத்து இரண்டு கையாலும் ஒடியுங்கள். காய்ந்தது சட்டென்று ஒடியும், ஒடிந்த இடம் வெள்ளையாக எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். ஈரமானது வளைந்துகொடுக்கும், நகம் இறங்கும். நுகர்ந்து பாருங்கள்; நெருப்புக்குச்சி உரசியதுபோல் நெடி வந்தால் கந்தகப் புகை போட்டது. பூசணம் பிடிக்காமலும் வெள்ளையாகத் தெரியவும் அப்படிச் செய்வார்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை நான் வாங்குவதில்லை. நூறு கிலோ நல்ல கொப்பரைக்கு அறுபது கிலோவை ஒட்டி எண்ணெய் வரும். ஈரக் கொப்பரையில் ஐந்து கிலோ குறைந்தாலே அன்றைய லாபம் போயிற்று.

நாமக்கல்லிலிருந்து: பாக்குமட்டைத் தட்டு இயந்திரம் விற்பவர், தட்டு முழுவதையும் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டுத் தருகிறார். விற்பனைக் கவலை இல்லையே?

கவலையே அங்கேதான் தொடங்குகிறது. தட்டில் அவ்வளவு லாபம் இருந்தால் அவர் தட்டு விற்பாரா, இயந்திரம் விற்பாரா? 2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழிப் பண்ணைகளுக்கு நேர்ந்ததை நம் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குஞ்சு தருவோம், தீவனம் தருவோம், மாதாமாதம் பணம் தருவோம், வளர்ந்ததை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்றார்கள். வாங்குவதாகச் சொன்னவர் கதவை மூடியதும், தின்று தீர்க்கும் பறவைகள்தான் விவசாயி கையில் மிஞ்சின. என் சொந்தத்திலேயே ஒருவர் நிலத்தை அடமானம் வைத்துப் போட்டார். விற்கும் இடத்தை நீங்களே தேடிக் கண்டுபிடித்த பிறகு இயந்திரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கரூரிலிருந்து: குறைந்த முதலீட்டில் நல்ல லாபம் தரும் தொழில் எது?

ஊரும் கைவேலையும் தெரியாமல் என்னால் சொல்ல முடியாது. உங்கள் தெருவில் மக்கள் எதற்காக வெளியூர் போய் வாங்குகிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள்.

சேலத்திலிருந்து: மாதம் ஐந்தாயிரம் எந்தப் பங்கில் போடலாம்?

இது என் துறை இல்லை. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பங்குப் பெயர் சொல்பவரிடம் கேட்காதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் 35 விழுக்காடு மானியமாமே? அதை வைத்து வேலையைத் தொடங்கலாமா?

கிராமப்புறத்தில் பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு 35. பொதுப் பிரிவு ஆண்களுக்குக் கிராமத்தில் 25, நகரத்தில் 15. நல்ல திட்டம்தான். ஆனால் மானியம் ரொக்கமாகக் கைக்கு வராது. உங்கள் பெயரில் வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக இருந்து, தொழில் நடப்பதைப் பார்த்த பிறகுதான் கடனில் கழியும். அதுவரை தவணையைத் தொழில்தான் கட்ட வேண்டும். மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். இடையில் நின்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

மதுரையிலிருந்து: அக்கா, நான் தையலகம் வைத்திருக்கிறேன். ஏலச்சீட்டு எடுத்து நான்கு தையல் இயந்திரம் வாங்கலாம் என்று இருக்கிறேன். சீட்டு சேமிப்புதானே, கடன் இல்லையே?

முதலில் எடுப்பவருக்குக் கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம் அம்மா. ஐந்து லட்சம் சீட்டு, 20 பேர், 20 மாதம், முழுத்தவணை 25,000. நடத்துபவரின் கமிஷன் மாதம் 25,000. மூன்றாம் மாதம் ஏலத்தில் ஒன்றேகால் லட்சம் தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, எடுக்கிறீர்கள். கையில் வருவது 3,75,000. தள்ளிய தொகையில் கமிஷன் போக ஒரு லட்சம் மிச்சம், அதைப் பகிர்ந்தால் தவணையில் ஆளுக்கு ஐயாயிரம் கழிவு. முதல் மூன்று மாதமும் இதே கழிவு என்றால் மாதம் இருபதாயிரம்தான் கட்டியிருப்பீர்கள், ஆக 60,000. போகப்போகத் தள்ளுவது குறையும், கழிவும் குறையும். சராசரி கழிவு 2,500 என்றால் மொத்தம் 4,50,000 கட்டியிருப்பீர்கள்.

கையில் வந்ததில் அறுபதாயிரம் உங்கள் சொந்தப் பணம். உண்மையில் வாங்கிய கடன் 3,15,000. அதற்கு 17 மாதத்தில் 3,90,000 கட்டுகிறீர்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு மாதம் இரண்டரை வட்டி, ஆண்டுக்கு முப்பது. கடைசிவரை காத்திருந்து 4,75,000 எடுப்பவருக்கு ஆண்டுக்கு ஏழு விழுக்காடு அளவில்தான் கிடைக்கிறது.

அதே மதுரைச் சகோதரி: கணக்கு சரி அக்கா. ஆனால் வங்கிக்கு ஒன்பது முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். கடைசியில் சொத்துப் பத்திரம் கேட்டார்கள். அந்த ஒன்பது நாள் வருமானம் உங்கள் கணக்கில் எங்கே?

இந்தக் கேள்விக்குத் தலைவணங்குகிறேன். அதை நான் சேர்க்கவில்லை, சேர்த்திருக்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: வங்கிதான் ஒரே வழி என்பது படித்தவர்கள் பேச்சு. எங்கள் கடைவீதி முழுவதும் சீட்டில் வளர்ந்தது.

நானும் சீட்டில் வளர்ந்தவள்தான். என் முதல் செக்கு சீட்டுப் பணம். வங்கியை மட்டும் நம்புங்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. இரண்டரை வட்டியைத் தாங்கும் வேலைக்கு மட்டும் சீட்டை முன்கூட்டி எடுங்கள் என்கிறேன். பள்ளிச் சீருடைப் பருவத்துக்குத் துணி வாங்க எடுத்தால் இரண்டு மாதத்தில் பணம் திரும்பும். இயந்திரம் வாங்க எடுத்தால், ஆண்டு முழுவதும் அந்த நான்குக்கும் வேலை இருக்க வேண்டும்.

மறுபடி ஈரோடு: பதிவு பெற்ற சீட்டில் கமிஷன் கொள்ளை. தெரிந்தவர் நடத்தும் சீட்டில் அது இல்லை.

இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்தவர், சீட்டுத் தொகைக்கு ஈடு கட்டிவிட்டுத்தான் தொடங்குகிறார். கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு. முன்பு ஐந்து விழுக்காடாக இருந்ததை 2019 திருத்தத்தில் ஏழாக்கினார்கள். தெரிந்தவர் ஓடிப்போனால் எந்த ஈட்டைப் பிடிப்பீர்கள்? எங்கள் ஊரில் ஓடியவரும் எல்லாருக்கும் தெரிந்தவர்தான்.

மதுரைச் சகோதரிக்கு ஒன்று. நான்கு வேண்டாம், இரண்டு இயந்திரம் வாங்குங்கள். பழையதாக நல்ல நிலையில் கிடைக்கும். ஐந்து லட்சம் சீட்டு தேவைப்படாது.

திருச்சியிலிருந்து: குறைந்த முதலீட்டில் வீட்டிலிருந்தே செய்யும் தொழில்?

கரூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கோபியிலிருந்து: ஊறுகாய் தயாரிக்கிறேன். ஒரு பெரிய கடை தொண்ணூறு நாளாகப் பணம் தரவில்லை. சண்டை போட்டால் வியாபாரம் போய்விடுமோ?

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் வட்டி உண்டு, இதற்கென உள்ள வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். 2024-25 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொரு பிடியும் இருக்கிறது: கெடு தாண்டினால், பணம் தரும்வரை அந்தக் கொள்முதலை அந்தக் கடை தன் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இனி எழுதும் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு, கடையின் கணக்குப்பிள்ளையிடம் நேரில் காட்டுங்கள். முதலாளியைவிட அவருக்குச் சீக்கிரம் புரியும். அடுத்த லோடு, பழைய பாக்கி வந்த பிறகு.

விழுப்புரத்திலிருந்து: கற்பூர இயந்திரம் வாங்கினால் கற்பூரத்தை அவர்களே எடுத்துக்கொள்கிறார்களாம்...

வாங்காதீர்கள். நாமக்கல்லுக்கு எழுதியதை இரண்டு முறை படியுங்கள். இதே கேள்வி இன்று ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஆறு பேருக்கும் இதுதான் பதில்.

பொள்ளாச்சியிலிருந்து: தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலில் தலைமுடிப் படம் போடலாமா?

உணவு உரிமத்தில் விற்பதில் போடாதீர்கள். சிறு பாட்டில் என்பதாலேயே அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அட்டையில் நீங்கள் எழுதுவதுதான் அதை எதுவாக ஆக்கும் என்பது மாறவில்லை.

பல்லடத்திலிருந்து: அக்கா, முதல் மாதம் எவ்வளவு விற்றீர்கள்?

நாற்பது லிட்டர். இருபத்தாறு லிட்டர் எங்கள் தெருவிலேயே போனது. மீதியை வெள்ளகோவிலில் அத்தை வீட்டுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். அத்தை அக்கம்பக்கத்து வீடுகளில் கொடுத்துப் பணம் வாங்கி, மூன்றாம் வாரம் முந்தானையில் முடிந்து எடுத்துவந்தார்.