நியூட் தொட்டிக்கு எந்த மணல்?

கேள்வி: அண்ணா, இரண்டடி கண்ணாடித் தொட்டியில் செவ்வயிற்று நியூட் (பல்லி மாதிரி உருவம், தவளைக்கு உறவான நீர்ப்பிராணி) ஒரு சோடி வளர்க்கிறேன். அடியில் எதுவும் போடவில்லை. கடையில் கலர் கல் போடச் சொல்கிறார்கள். வீட்டுப் பூச்சு வேலைக்கு இறக்கிய ஆற்று மணல் மிச்சம் கிடக்கிறது, அது சரிவருமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாகச் சரிவரும் தங்கச்சி. கலர் கல் மட்டும் வேண்டவே வேண்டாம். நியூட் இரையைக் கடித்துத் தின்பதில்லை, வாயைத் திறந்து ‘லபக்’கென்று உறிஞ்சும், புழுவோடு பக்கத்தில் கிடக்கிற கல்லும் சேர்ந்து உள்ளே போகும், போனது குடலில் அடைத்துக்கொண்டால் பிழைப்பது கஷ்டம். நைஸ் மணல் என்றால் நாலைந்து மணல்துகள் உள்ளே போனாலும் எச்சத்தோடு வெளியே வந்துவிடும். ஆகவே பழைய மா அரிதட்டு ஒன்றை எடுத்து (அது இனி அடுப்படிப் பக்கம் போகக் கூடாது) மணலை அரித்து, ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்டதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலை மணல் என்பதால் இரண்டு விஷயம் பாருங்கள். சீமெந்து கலந்திருந்தால் தண்ணீர் காரமாகிவிடும், குவியலின் ஓரத்து மணலைத் தொடவே வேண்டாம். வெளியில் கிடந்ததென்றால் ஊர்ப் பூனைகள் அதை என்ன செய்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம், காய்ந்த மணல் ஒரு கரண்டியில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்போ சிப்பித்தூளோ இருக்கிறது, வேறு மணல் தேடுங்கள். தேடுவதற்காகத் தோட்டத்து ஓடையில் இறங்காதீர்கள், தேயிலைக்கு அடிக்கிற மருந்தும் போடுகிற உரமும் மழையோடு வந்து சேருகிற இடம் அது.

கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வாளியில் கால்வாசி மணல் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அடிவரைக்கும் கையை விட்டுக் கலக்கி, மணல் கீழே இறங்கியதும் மேல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். முதலில் பால் தேத்தண்ணி மாதிரி வரும். மினுமினு என்று சுழலும் தகடுகள் மைக்கா, அவை கடைசியாகத்தான் இறங்கும் என்பதால் ஊற்றுகிறபோதே போய்விடும். கலக்கிய பிறகும் உங்கள் விரல் தெளிவாகத் தெரிகிறவரை விடாதீர்கள். பிறகு கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, வெயிலில் காயப்போடுங்கள்.

இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரம் போதும். அதற்கு மேல் போனால் அடியில் காற்றில்லாமல் கறுத்து, கூழ்முட்டை வாடை அடிக்கும். வாரம் ஒருதடவை குச்சியால் மெதுவாகக் கிளறிவிடுங்கள். நியூட்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு மணலைப் போடுங்கள், அதன்மேல் ஒரு தட்டை வைத்துத் தட்டின் மீது தண்ணீர் ஊற்றினால் குழி விழாது. தண்ணீர் தெளிகிறவரை ஃபில்டரைப் போடாதீர்கள், மணல் ஏறினால் மோட்டார் இறுகிவிடும். நியூட் தோலில் நஞ்சு உண்டு, தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: தொட்டியின் பழைய மணலையும் தண்ணீரையும் ஓடையில் கொட்டலாமா?
– வாசகர், வெலிமடை

பதில்: கூடாது. ஆசிய நியூட்கள் நோயே காட்டாமல் தோலில் சுமக்கக்கூடிய ஒரு பூஞ்சை, நெதர்லாந்தில் நியூட்டின் உறவினமான தீ சலமாண்டர்களைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்ததை 2013இல் கண்டுபிடித்தார்கள். நம் இலங்கையில் சலமாண்டர் கிடையாது, சரி; ஆனால் நக்கிள்ஸிலும் ஹோட்டன் சமவெளியிலும் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன வரும் என்று சோதித்துப் பார்க்கிற வேலை நமக்கு வேண்டாம். தண்ணீரை மலசலகூடத்தில் ஊற்றுங்கள். மணலை ஓடையிலிருந்து தள்ளி, முழுக்கக் காயும்வரை வெயிலில் பரப்பி வைத்து, பிறகு பூச்சாடிக்குப் போடுங்கள்.